கூலன்ட் பழுதுக்குப் பிறகு டீசல் வேனில் ஏர் லாக்: காற்றை முழுமையாக வெளியேற்றுவது எப்படி?

நெடும்பயணி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது முன்புறம் எஞ்சின் அமைந்த டர்போ டீசல் வேன். நீளமான உடல், பின் இருக்கைகளுக்கென்று தனியாக ஒரு ஹீட்டரும் உண்டு. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் விரிசல் விட்டுக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகியதால், பட்டறையில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டர் வழியே கூலன்டை ஓடவிடும் வால்வு), கீழ் ஹோஸ் ஆகிய நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். கசிவு நின்றுவிட்டது, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து வேறு தொல்லைகள் தொடங்கியிருக்கின்றன.

காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று நீர் ஓடும் ஓசை கேட்கிறது. வண்டி ஓடும்போது முன் ஹீட்டரில் சூடான காற்று வருகிறது. வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் விட்டால் அது விரைவில் குளிர்ந்துவிடுகிறது. பின் ஹீட்டரில் எப்போதுமே குளிர்ந்த காற்றுதான். நீண்ட ஏற்றங்களில் வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறிப் பிறகு திடீரென்று இறங்குகிறது. எக்ஸ்பான்ஷன் டேங்கில் (கூலன்ட் விரிந்து சுருங்க இடம் தரும் தொட்டியில்) மட்டம் நாளுக்கு நாள் சிறிது குறைகிறது.

பட்டறையில் கேட்டதற்கு, உள்ளே கொஞ்சம் காற்று இருக்கிறது, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். இதை நம்பி ஓட்டலாமா? நானே காற்றை வெளியேற்ற வேண்டுமானால் எந்த வரிசையில் செய்ய வேண்டும், காற்று முழுவதும் போய்விட்டது என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது? தெர்மோஸ்டாட் உறையின் மேல் ஒரு பிளீடர் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) கண்ணுக்குத் தெரிகிறது. ரேடியேட்டரின் உச்சியிலிருந்து எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு ஒரு மெல்லிய ஹோஸ் செல்கிறது. அழுத்த மூடி அந்த டேங்கின் மேல்தான் இருக்கிறது, ரேடியேட்டரில் மூடி இல்லை.

பட்டறைவாசி எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் ஏர் லாக்கோடு, அதாவது உள்ளே சிக்கிய காற்று கூலன்டின் ஓட்டத்தைத் தடுப்பதோடு, பொருந்துகின்றன. "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பதைப் போல மெல்லிய ஹோஸ் வழியாகக் காற்றை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பு, ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழிகளை ஓட்டத்திலேயே வெளியேற்றிவிடும். ஆனால் ஹீட்டர் கோரிலோ (சூடான கூலன்ட் பாய்ந்து ஹீட்டரின் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) சிலிண்டர் ஹெட்டின் உச்சியிலோ பெரிய காற்றுப் பொதி தேங்கியிருந்தால் அது தானாக நகராது. முள் நடுக்கோட்டைத் தாண்டுகிறது என்றால் நிலைமை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. காற்றை எடுத்து முடிக்கும்வரை தயவுசெய்து ஏற்றங்களில் ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்துவிட்டால், இன்றைய சிறு வேலை பெரிய வேலையாகிவிடும்.

காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலை எளிதாகும். வாட்டர் பம்ப் மையவிலக்கு வகையைச் சேர்ந்தது. கனமான திரவத்தைத்தான் அதன் இறக்கைகள் வெளிப்புறம் வீசித் தள்ளும், இலேசான காற்றோ இறக்கைகளின் நடுவில் சேர்ந்து நின்றுவிடும். நீர் ஊற்றி நிரப்பாமல் கிணற்று மோட்டாரை ஓட்டினால் எப்படி வெறுமனே சுற்றுமோ, அப்படித்தான் இதுவும் சுற்றும். ஐடிலிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் ஹீட்டருக்கு நீர் ஏறுவதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறுகிறது. உங்கள் முன் ஹீட்டரின் நடத்தைக்கு இதுவே காரணம்.

முள் திடீரென்று இறங்குவதைக் கண்டு ஆறுதல் அடைய வேண்டாம். வெப்ப உணரி திரவத்தில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியான அளவைக் காட்டும். அதைச் சுற்றி நீராவி நிறைந்தால் முள் தாவும், திரவம் விலகிக் காற்று நின்றால் இறங்கும். எஞ்சின் மிக ஆபத்தான வெப்பத்தில் இருக்கும்போதே முள் குளிர்ச்சியைக் காட்டக்கூடும்.

வேலையை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே தொடங்குங்கள். மூடி பொதுவாக 1 பார் அளவிலான அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அந்த அழுத்தத்தில் வெறும் நீரின் கொதிநிலையே சுமார் 120 பாகை செல்சியஸ் ஆகிவிடும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே கணத்தில் அகன்று, உள்ளே இருப்பது கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். மின்விசிறி எஞ்சினை நிறுத்திய பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கலாம் என்பதால் கையையும் துணியையும் அதற்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் முன்பகுதி உயரும்படி ஒரு சரிவில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கூலன்ட் ஊற்றும் வாய், இயன்றவரை முழு அமைப்பின் உச்சமாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். டேங்கின் வாயில் இறுக்கமாகப் பொருந்தும் உயரமான புனல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அது திரவத்தின் மட்டத்தை ஹீட்டர் கோருக்கும் மேலே உயர்த்தி வைக்கும். சாவியை இக்னிஷன் நிலையில் வைத்து முன் ஹீட்டர், பின் ஹீட்டர் இரண்டையும் முழு வெப்பத்துக்குத் திருப்புங்கள். பல வண்டிகளில் ஹீட்டர் வால்வு மின்சாரத்தால் இயங்குவதால், சாவி இல்லாமல் குமிழை மட்டும் திருப்பினால் வால்வு திறக்காது.

பிளீடர் ஸ்க்ரூவைச் சில சுற்றுகள் தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். மெதுவாக என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். வேகமாக ஊற்றினால் உள்ளே இறங்கும் திரவமே மேலே வர வேண்டிய காற்றின் பாதையை அடைத்துவிடும். ஊற்றும்போது மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். டேங்கில் குமிழிகள் எழுவதைப் பார்ப்பீர்கள். ஸ்க்ரூவின் வழியே குமிழி கலக்காத, அறுபடாத ஒழுக்கு வந்ததும் அதை மூடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரூ இருந்தால் தாழ்வாக இருப்பதை முதலிலும் உயரத்தில் இருப்பதைக் கடைசியிலும் மூட வேண்டும். இவை பெரும்பாலும் பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்யப்பட்டவை. முழு பலத்தோடு முறுக்கினால் உடைந்துவிடும்.

அடுத்து எஞ்சினைக் கிளப்புங்கள். டேங்கின் மூடியைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டுமா, மூடி வைத்து ஓட்ட வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு சொல்வதே இறுதியானது. டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் மிகக் குறைந்த எரிபொருளையே எரிப்பதால், நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடேறாமல் போகலாம். பெட்ரோல் வண்டிக்குச் சொல்லப்படும் முறையை அப்படியே பின்பற்றுபவர்களின் வேலை பாதியில் நிற்பதற்கு இதுதான் காரணம். ஆகவே 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை வைத்துப் பிடியுங்கள். தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 பாகைக்குள் திறக்கத் தொடங்கி, முழுமையாகத் திறக்க மேலும் பத்துப் பதினைந்து பாகை எடுத்துக்கொள்ளும். அதுவரை இளஞ்சூடாக இருந்த ரேடியேட்டர் ஹோஸ் சட்டென்று சூடாவதுதான் திறந்ததற்கான அடையாளம். அந்நேரம் டேங்கில் ஒரு பெரிய குமிழிக் கூட்டம் வந்து மட்டம் இறங்கும். மின்விசிறி சுற்றி நிற்கும்வரை பார்த்துவிட்டு, எஞ்சினை அணைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த கூலன்டை ஊற்ற வேண்டாம்.

தெர்மோஸ்டாட் புதியது என்று சொன்னதால் இன்னொன்றையும் கவனியுங்கள். பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் ஆடும் ஊசியோடு ஒரு சிறு துளை இருக்கும். வால்வு மூடியிருக்கும்போதும் காற்று கடந்து செல்வதற்கான வழி அது. தெர்மோஸ்டாட் நின்ற நிலையில் பொருத்தப்பட்டிருந்தால் அந்தத் துளை உச்சியில் இருக்க வேண்டும். கீழ்நோக்கிப் பொருத்தியிருந்தால் எவ்வளவு பொறுமையாக ஊற்றினாலும் எஞ்சின் பக்கத்தில் காற்று தங்கும்.

நீள்சக்கரம் எழுதியது:

பட்டறைவாசி அவர்கள் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். ஆயினும் பின் ஹீட்டர் உள்ள வேனுக்கு அது மட்டும் போதாது என்பது என் கருத்து.

குழாய்கள் செல்லும் பாதையை எண்ணிப் பாருங்கள். எஞ்சினிலிருந்து கிளம்பி, கீழே இறங்கி, தளத்துக்கு அடியில் வண்டியின் நீளம் முழுவதும் சென்று, அங்கிருந்து மீண்டும் மேலே ஏறித்தான் பின் ஹீட்டரை அடைகின்றன. ஆகவே அந்த ஹீட்டர் கோர் தன்னளவில் ஒரு தனி மேடு. முன்பகுதியை எவ்வளவு உயர்த்தினாலும் அங்கே சிக்கிய காற்று வெளியே வர வேண்டுமானால் முதலில் கீழ்நோக்கி இறங்க வேண்டும். காற்று தானாகக் கீழே இறங்காது. வேகமான நீரோட்டம் ஒன்றுதான் அதை இழுத்துச் செல்லும். ஐடிலிங்கில் அந்த வேகம் கிடைக்காது. சரிவில் நிறுத்துவது முன் ஹீட்டருக்கு உதவும், பின் ஹீட்டருக்கு ஏறத்தாழ எந்த உதவியும் செய்யாது.

கையால் செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. ஆறிய எஞ்சினில், பின் ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸை எஞ்சின் அருகே கழற்றி அதன் முனையை ஒரு பாத்திரத்தில் விடுங்கள். உள்ளே செல்லும் ஹோஸையும் அதேபோல் கழற்றி, எஞ்சின் பக்கத்தில் ஹோஸ் கழன்ற முனைகளைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செல்லும் அந்த ஹோஸின் வழியாகப் புனல் வைத்துக் கூலன்டை ஊற்றிக்கொண்டே இருந்தால், முதலில் காற்றும் நுரையும் வந்து, பிறகு ஒரே சீராகத் திரவம் வரும். அந்த நிலையில் இரண்டு ஹோஸ்களையும் அதிகம் சிந்தாமல் மாட்டிவிட்டால், நீண்ட குழாய்களும் கோரும் நிறைந்த நிலையிலேயே அமைப்போடு இணையும். வண்டியில் எரிபொருளில் இயங்கும் துணை ஹீட்டர் இருந்தால் அதை ஓடவிடுங்கள். அதற்கென்று தனி மின்பம்ப் இருப்பதால், எஞ்சின் ஓடாமலேயே ஹீட்டர் பாதையில் நீரைச் சுற்றவைக்கும். சில வேன்களில் துணை ஹீட்டர் இல்லாவிட்டாலும் பின் பாதைக்கு மட்டும் மின்பம்ப் வைத்திருப்பார்கள். அதைக் காற்று எடுக்கும் நேரத்தில் இயக்க ஸ்கேனர் தேவைப்படலாம்.

நீளமான அமைப்புகளில் காற்று எடுப்பதன் அருமையை அறிய ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி3 வேன் நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், இரண்டுக்கும் நடுவே வண்டியின் நீளத்துக்குக் குழாய்கள். 1981இல் வந்த அதன் டீசல் மாடலிலிருந்து இந்த அமைப்பு இருக்கிறது. முன்பகுதியை உயர்த்தி, ரேடியேட்டரின் உச்சியில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து, எஞ்சினை உயர்ந்த வேகத்தில் வைத்துத்தான் அதில் காற்றை எடுப்பார்கள். அமைப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் முறையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வாய்ப்பு இருந்தால், வெற்றிட முறையில் நிரப்பும் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. கம்ப்ரஸர் காற்றைக் கொண்டு இந்தக் கருவி கூலிங் அமைப்பிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றும். மானியில் மைனஸ் 0.8 அல்லது 0.9 பார் வந்ததும் வால்வை மூடிச் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். ஹோஸ்கள் சப்பிப் போவது இயல்பு. முள் நகராமல் நின்றால், கூலன்ட் பாத்திரத்தில் விட்ட குழாயைத் திறப்பார்கள். வெற்றிடம் அதை இழுத்து எல்லா மேடுகளிலும் ஒரே சமயத்தில் நிரப்பும். உள்ளே இருந்த காற்றில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு முன்பே வெளியேறிவிட்டதால், பின் ஹீட்டரில் மிஞ்சுவது மிகச் சிறிதளவே. கடல் மட்டத்திலிருந்து மிக உயரமான இடங்களில் வளிமண்டல அழுத்தமே குறைவாக இருப்பதால் முள் அவ்வளவு தூரம் இறங்காது. அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம்.

வெப்பநிலை எழுதியது:

இருவரும் சொன்ன முறைகள் சரியானவை. நான் கேட்பது வேறொன்று: இது பழுதுபார்த்தபோது உள்ளே தங்கிய காற்றா, அல்லது இப்போதும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும் காற்றா? வெளியே ஒரு சொட்டும் விழாமல் மட்டம் நாள்தோறும் குறைகிறது என்றால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் காற்று எடுப்பதில் பயனில்லை. தங்கிய காற்று, எஞ்சின் சில முறை சூடாகி ஆறுவதற்குள் வெளியேறி, அதன்பின் மட்டம் நின்றுவிடும். வந்துகொண்டிருக்கும் காற்று நிற்கவே நிற்காது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு). ரேடியேட்டர் கசிந்த காலத்தில் எஞ்சின் அதிகச் சூடேறியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுப்படும். இரவு முழுவதும் ஆறிய வண்டியில், காலையில் மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, எஞ்சினைக் கிளப்பி மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதல் ஓரிரு நிமிடங்களிலேயே, கூலன்ட் இன்னும் சூடேறாத நிலையில், ஹோஸ் கல்லாக இறுகினால் அது வெப்ப விரிவால் வந்த அழுத்தம் அல்ல. சிலிண்டரிலிருந்து வாயு நுழைகிறது என்று பொருள். கூலன்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருப்பதை நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவமும் கிடைக்கிறது. ஆனால் டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் தேவைக்கு மிக அதிகமான காற்றோடு எரிவதால் அதன் புகையில் கரியமில வாயு குறைவாகவே இருக்கும். ஆகவே டீசலுக்கு ஏற்ற திரவத்தைப் பயன்படுத்தி, வண்டியைப் பாரத்தோடு ஓட்டிய பிறகு சோதிக்க வேண்டும். நிறம் மாறவில்லை என்பதை மட்டும் வைத்துக் கேஸ்கெட் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்தது இ.ஜி.ஆர். கூலர் (புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் முன் அதைக் குளிர்விக்கும் பாகம்). அதனுள்ளே மெல்லிய சுவருக்கு ஒரு பக்கம் கூலன்டும் மறுபக்கம் சூடான புகையும் செல்கின்றன. சுவரில் விரிசல் விட்டால் கூலன்ட் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். கீழே சொட்டாது, என்ஜின் ஆயிலிலும் கலக்காது. சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகையும் இனிப்பான வாடையும் அதன் அடையாளங்கள். டர்போ முழு வேகத்தில் இயங்கும் நேரங்களில் புகையின் அழுத்தம் கூலன்டின் அழுத்தத்தை மிஞ்சக்கூடும் என்பதால், அதே விரிசல் வழியே வாயு உள்ளேயும் வரலாம். காற்றுப் பொதி இந்தக் கூலரில் தேங்கினால் அந்த இடம் மட்டும் கொதித்து விரிசல் விடும் அபாயமும் உண்டு. காற்றோடு ஓட்டக்கூடாது என்பதற்கு என்னைப் பொறுத்தவரை இது ஹெட்டுக்கு நிகரான காரணம்.

பலரும் கவனிக்காத வழி கீழ் ஹோஸின் கிளாம்ப். பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான். அழுத்தம் ஏறாத குளிர்ந்த நிலையில் ஆர்.பி.எம். உயரும்போது அங்கே அழுத்தம் வளிமண்டலத்துக்கும் கீழே போகலாம். வெளியே ஒழுக விடாத கிளாம்ப், உள்ளே காற்றை மட்டும் விடக்கூடும். மூடியில் உள்ள வெற்றிட வால்வு சிக்கிக்கொண்டாலும் இப்படித்தான் ஆகும்: ஆறும்போது கூலன்ட் சுருங்க, டேங்க் வழியே ஈடுசெய்ய முடியாமல், தளர்ந்த இணைப்பு வழியே காற்று இழுக்கப்படும். உங்களுக்குக் கீழ் ஹோஸ் புதிது, மூடி பழையது, இரண்டையும் பாருங்கள்.

நெடும்பயணி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வெப்பநிலை அவர்கள் சொன்ன காலைச் சோதனையைச் செய்தேன். மேல் ஹோஸ் மென்மையாகவே இருந்து, எஞ்சின் சூடேறச் சூடேறத்தான் சிறிது சிறிதாக இறுகியது. வெண்புகையும் இல்லை. பின் ஹீட்டருக்குச் செல்லும் குழாயில் எஞ்சின் அருகே மட்டும் சூடு தெரிகிறது, திரும்பும் குழாய் முழுவதும் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் கண்டேன். ரேடியேட்டரிலிருந்து டேங்குக்கு வரும் மெல்லிய ஹோஸின் முனையில் எஞ்சின் ஓடும்போது எதுவும் வந்து விழவில்லை. ஹோஸைக் கழற்றி ஊதினால் அது திறந்தே இருக்கிறது. டேங்கின் மூக்குத்தான் அடைத்திருப்பதாகத் தெரிகிறது. இதை ஊசியால் துளைத்துச் சற்றே பெரிதாக்கிவிடலாமா? மேலும், காற்று எடுத்து முடிக்கும்வரை வெறும் நீரை ஊற்றிவிட்டுப் பிறகு கூலன்டுக்கு மாறலாமா?

பட்டறைவாசி எழுதியது:

அந்த மூக்கின் அடைப்பு நல்ல கண்டுபிடிப்பு ஐயா. உங்கள் வண்டியில் காற்று தானாக வெளியேறும் ஒரே வழி அதுதான். அது அடைபட்டிருந்தால் எவ்வளவு ஓட்டினாலும் சரியாகாது. படிவோ, முன்பு யாராவது ஊற்றிய கசிவடைப்பு மருந்தோ அங்கே படிந்திருக்கும். டேங்கைக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் அடைப்பை மட்டும் நீக்குங்கள். துளையைப் பெரிதாக்க வேண்டாம். அது வேண்டுமென்றே குறுகலாக வைக்கப்பட்டது. பெரிதாக்கினால் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குள் சென்று ஆறாமல் டேங்க் வழியே குறுக்குவழியில் பம்புக்குத் திரும்பிவிடும். அடைப்பு நீங்கியபின் எஞ்சின் ஓடும்போது அந்த மூக்கிலிருந்து மெல்லிய ஒழுக்கு டேங்கில் விழ வேண்டும். இடைவிடாமல், குமிழி கலக்காமல் அது விழுவதே காற்று போய்விட்டதற்கு நீங்கள் கண்ணால் காணக்கூடிய சான்று.

வெறும் நீரைப் பற்றி: கழுவுவதற்கு ஊற்றலாம், ஆனால் வடித்தால் முழுவதும் வெளியே வராது. பிளாக்கிலும் ஹீட்டர்களிலும் கணிசமான அளவு தங்கிவிடும். அதன்மேல் ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். நீரால் கழுவினால், கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதியைக் கலக்காத கூலன்டாக முதலில் ஊற்றிவிட்டு, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். எத்திலீன் கிளைக்கால் பாதி, நீர் பாதி என்ற கலவை அழுத்தம் இல்லாமலேயே சுமார் 107 பாகையில்தான் கொதிக்கும், மைனஸ் 37 பாகை வரை உறையாது, துருவையும் தடுக்கும். இந்த மூன்றும் வெறும் நீரில் கிடையாது. இப்போது உள்ளே இருக்கும் வகையோடு வேறு வகையைக் கலக்காதீர்கள். சில கலவைகள் கூழாகி ஹீட்டர் கோரை அடைத்துவிடும். நிறத்தை நம்பாமல் டப்பாவில் அச்சிட்டிருக்கும் தர எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீள்சக்கரம் எழுதியது:

முதலில் மூக்கின் அடைப்பை நீக்குங்கள், அடுத்துப் பின் ஹீட்டரின் பாதையைத் தனியாக நிரப்புங்கள், அதன் பிறகே சரிவில் நிறுத்தி முழு அமைப்பிலும் காற்றை எடுங்கள். வரிசை மாறினால் முன்னால் எடுத்து முடித்த இடத்துக்குப் பின்னாலிருந்து காற்று மீண்டும் வந்து சேரும். திரும்பும் குழாயும் செல்லும் குழாயும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் பின் கோர் நிறைந்துவிட்டது. இரண்டும் நன்றாகச் சூடேறியும் ஊதும் காற்று மட்டும் குளிர்ந்திருந்தால், பின் பெட்டியில் காற்றைத் திருப்பிவிடும் தகட்டைப் பார்க்க வேண்டும். அது கூலன்டோடு தொடர்பில்லாத பழுது.

வெப்பநிலை எழுதியது:

ஹோஸ் மெதுவாக இறுகியது நல்ல அறிகுறி. கேஸ்கெட்டைப் பற்றிய கவலையை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். வேலை முடிந்தபின் டேங்கில் குளிர்ந்த நிலையின் மட்டத்தை ஒரு நாடாவால் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் சமதளத்தில் நின்ற வண்டியில் அதை ஒப்பிடுங்கள். புதிதாக ஊற்றிய திரவத்தில் கரைந்திருந்த காற்றும் சூட்டில் பிரிந்து வருவதால் முதல் சில நாள்களில் சற்று இறங்கும்; அது இயல்பு. அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், கைபம்பு கொண்ட சோதனைக் கருவியால் மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி முள் நிற்கிறதா என்று பாருங்கள். வெற்றிடத்தில் இறுகி மூடிக்கொண்டு, அழுத்தத்தில் மட்டும் திறக்கும் கசிவுகள் உண்டு என்பதால் வெற்றிடச் சோதனை இதற்கு மாற்றாகாது. அந்தச் சோதனையையும் மூடியின் சோதனையையும் முடித்த பிறகே நீண்ட ஏற்றத்தில் ஓட்டுங்கள். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். நாயும் பூனையும் அதைக் குடித்துவிடும், சிறிதளவே அவற்றின் உயிரைப் பறிக்கப் போதுமானது.